ஒரு ஆளுக்கு மொளகூட்டல்

பாலக்காட்டு அக்கிரகாரங்களில் மொளகூட்டல் என்று ஒரு பதார்த்தம் செய்வார்கள். பெயரைக் கேட்டால் மிளகுக் காரம் நாக்கைப் பொசுக்கும் என்று தோன்றும்; உண்மையில் புளியும் சேராத, காரமும் அதிகமில்லாத, பரம சாதுவான பதார்த்தம் அது. பருப்பை வேகவைத்து, பூசணியோ கீரையோ வாழைக்காயோ கைக்கு அகப்பட்டதை அதில் இட்டு, தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் அரைத்துக் கலந்து, தேங்காயெண்ணெயில் கடுகு தாளித்து இறக்கிவிட்டால் ஆயிற்று. வேலை அரைமணிதான். ஆனால் கல்பாத்தியில், வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் ஒருவரின் வீட்டில், தனியாக வசிக்கும் அவருடைய தாயார் அந்த மொளகூட்டலைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஒரு ஆளுக்கு மொளகூட்டல் பண்ணறது எப்படியாக்கும்? ஒரு தேங்காய் உடைச்சா மீதியை என்ன பண்ணறது, சொல்லுங்கோ. ரெண்டு பிடி சாதம், மோரு, ஒரு கண்ணிமாங்காய். அது மதி எனக்கு."

இதைச் சொல்லும்போது அந்த மாமியின் குரலில் துக்கம் ஏதும் இல்லை. கணக்குச் சொல்லுகிற குரல்தான் அது. தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில் வண்டியைப்போல் நீண்டு கிடக்கும் வீடு. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று ஒரு காலத்தில் பதினாறு பேர் நடமாடிய அத்தனை இடத்திலும் இப்போது கூடத்தில் மட்டும் ஒரு விளக்கு எரிகிறது. திண்ணைக்கு இரும்புக் கம்பி அடைப்பு வந்துவிட்டது. கூடத்து மாடத்தில், பித்தளைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அதில் மகனுடைய முகம் வரும். அந்த நேரத்துக்கு மாமி ஸ்நானம் முடித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மகன் எப்போது வருவதாக இருக்கிறார் என்று நான் கேட்டேன்.

"அடுத்த தேருக்குப் பாக்கலாம் அம்மான்னு சொல்லறான். எந்தத் தேருன்னு சொல்லமாட்டான்."

தனிமை என்னும் விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு, இலக்கிய கிரந்தங்களைப் புரட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு வாக்கியங்களே முதலில் வந்து நின்றன. அவற்றை விட்டுவிட்டு மேலே செல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விசாரம். தமிழில் நாம் ஏகாந்தம் என்றும் சொல்லுகிறோம், தனிமை என்றும் சொல்லுகிறோம், இரண்டும் ஒன்றல்ல. ஏகாந்தம் என்பது மனிதன் தேடிப்போய் அடைவது. தனிமை என்பது தேடாமலே அவனை வந்து அடைவது. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூரில் சோகநாசினி என்று அழகான பெயர் பூண்ட ஓர் ஆறு ஓடுகிறது. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தை அந்த ஆற்றங்கரையில் கழித்தார் என்பது ஐதீகம். அவர் அங்கே கண்டது ஏகாந்தம். துக்கத்தைப் போக்குகிறவள் என்று ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு, மனிதர்களை விட்டு விலகி நீரோடு இருப்பதில் உள்ள சுகம் தெரிந்திருந்தது. ஆனால் அதே சித்தூர்த் தாலுகாவில், பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, பூட்டிய வீட்டுக்கும் பூட்டாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி கிழவியொருத்தி கதவைச் சார்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவளுடைய துக்கத்தை எந்த நதி போக்கும்?

தமிழர் இந்தத் துக்கத்தை மிகப் பழைய காலத்திலேயே தரம் பிரித்துவிட்டவர்கள். நிலம் ஐந்து, அவற்றுக்குரிய ஒழுக்கம் ஐந்து என்று வகுத்த நம் முன்னோர், அந்த ஐந்தில் மூன்றைத் தனிமைக்கே கொடுத்துவிட்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிந்து போவது பாலை. பிரிந்தவன் வருவான் என்று ஆற்றியிருப்பது முல்லை. ஆற்றமாட்டாமல் இரங்குவது நெய்தல். கல்வி, போர், தூது, பொருள் என்று தலைவன் பிரிவதற்குக் காரணங்கள் பல சொல்லியிருந்தாலும், பாட்டுக்களில் பெரும்பாலும் கேட்பது பொருள்தேடிப் போனவனுடைய காலடி ஓசையைத்தான். பாலை மரங்கள் நிறைந்த காடுதான் பாலக்காடாயிற்று என்று ஒரு பெயர்க்காரணம் சொல்லுவதுண்டு. மரத்தின் பெயரையும் திணையின் பெயரையும் முடிச்சுப் போட்டு ஆராய்ச்சி செய்ய எனக்கு உத்தேசமில்லை. எனினும், பொருள்தேடிப் பிரிகிறவர்கள் இரண்டாயிரம் வருஷமாக நடந்து தேய்த்த வழி ஒன்று தமிழகத்துக்கும் சேரநாட்டுக்கும் இடையே உண்டானால் அது இந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான் என்பதை மறுப்பாரில்லை.

அந்தப் பழைய பாட்டுக்களில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே தனிமைக்குத் தவணை இருந்தது. கார்காலத்து முதல் மழைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலைவன் போகிறான். தலைவி சுவரில் கோடு இழைத்து நாளை எண்ணுகிறாள். அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்துபோனதாக வள்ளுவரும் சொல்லுகிறார். மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. அப்போது தோழி என்ன செய்கிறாள்? இது கார்காலமே அல்ல, ஏதோ அகாலத்தில் பெய்த மழையை நம்பி இந்த மரங்கள் புத்திகெட்டுப் பூத்துவிட்டன என்று வாதாடுகிறாள். தலைவனுக்காகப் பொய் சொல்லுகிறாள் என்று நாம் நினைக்கலாம். அவள் காப்பாற்றுவது தலைவனை அல்ல, தவணையை. தவணை இன்னும் தீரவில்லை என்று இருக்கும்வரையில் அந்தப் பெண் உயிரோடிருப்பாள் என்பது தோழிக்குத் தெரியும். பருவமன்று என்று வற்புறுத்தல் என்பதை ஒரு துறையாகவே ஆக்கி வைத்திருக்கிற இலக்கியத்தை என்னென்பது!

ஆகவே சங்ககாலத்துத் தனிமைக்கு இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தன: ஒன்று தவணை, மற்றொன்று தோழி. எப்போது முடியும் என்பது தெரியும். அதுவரை கேட்பதற்கு ஒரு காது உண்டு. நவீன காலத்தில் வந்திருப்பது புதிய தனிமை என்று பலர் எழுதுகிறார்கள். என் அபிப்பிராயம் அதுவல்ல. தனிமை பழையதுதான், ஊன்றுகோல்கள்தாம் போய்விட்டன.

கல்பாத்திக்குத் திரும்புவோம். விசுவநாதசுவாமி கோயிலைப் பற்றி அங்கே வழங்கும் கதை, லக்ஷ்மி அம்மாள் என்ற ஒரு விதவை காசியிலிருந்து பாணலிங்கம் ஒன்றைக் கொண்டுவந்து, பாலக்காட்டு அரசரிடம் பொன்னைக் கொடுத்துக் கோயில் கட்டுவித்தாள் என்பது. காலம் 1425 என்பார்கள். காசியில் பாதி கல்பாத்தி என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதியை உண்டாக்கியவள் துணையில்லாத ஒரு ஸ்திரீ என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. தஞ்சாவூர், மதுரைச் சீமைகளிலிருந்து கணவாய் வழியாக வந்து குடியேறிய பிராமணர்கள், ஆற்றங்கரை ஓரமாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். சாயங்காலம் திண்ணைகள் நிறைந்திருக்கும். சங்கப் பாட்டின் தோழியை ஒரு தெருவாகக் கட்டி வைத்ததுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

வந்த வழியாகவே அவர்கள் வெளியேறவும் தொடங்கினார்கள். 1862-இல் இருப்புப்பாதை கணவாயைக் கடந்து போத்தனூரை எட்டியது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம், சமையற்காரர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் கணக்கர்களாகவும் அதிகாரிகளாகவும், பம்பாய் மாதுங்காவுக்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் பாலக்காட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1970-இல் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து குத்தகை நெல்லும் நின்ற பிறகு, போகாமல் இருந்தவர்களுக்கும் இருக்கக் காரணம் இல்லாமற் போயிற்று. இதில் யார்மேலும் குற்றமில்லை. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது நியாயம். படித்தவன் வேலையைத் தேடிப் போனதும் நியாயம். நியாயமான காரியங்கள் இரண்டு சேர்ந்து ஒரு தெருவை ஊமையாக்கிவிட்டன, அவ்வளவுதான்.

பாலக்காட்டு மண்ணிலிருந்து எழுந்த மலையாள எழுத்தாளர்களில் இந்தப் பிரிவின் வேதனையை முழுவதும் அனுபவித்தவர் எம்.டி. வாசுதேவன் நாயர். பாரதப்புழைக் கரையிலுள்ள கூடல்லூரில் 1933-இல் பிறந்த அவருக்குத் தகப்பனார் என்றால் இலங்கையிலிருந்து எப்போதோ வருகிறவர். பொருள்தேடி வெளியூர் போனவனுடைய வீட்டிலிருந்து, போனவனுடைய மகன் எழுதிய இலக்கியம் என்று அவருடைய கதைகளில் ஒரு பகுதியைச் சொல்லலாம். 1964-இல் அவர் எழுதிய 'மஞ்ஞு' என்ற சிறு நாவலின் களம் பாரதப்புழைக் கரை அல்ல, இமயமலை அடிவாரத்து நைனிதால். விமலா என்ற ஆசிரியை, ஒரு காலத்தில் தன்னோடு பழகிப் பிரிந்துபோன ஒருவனுக்காக வருஷக்கணக்காக அங்கே காத்திருக்கிறாள். ஏரியில் படகோட்டும் புத்து என்ற பையன், முகம் தெரியாத தன் வெள்ளைக்காரத் தகப்பனுக்காக ஒரு பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஒவ்வொரு பருவத்திலும் உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள், போகிறார்கள். வரவேண்டியவர்கள் மட்டும் வருவதில்லை.

விமலாவும் நம் முல்லைத்திணைத் தலைவிதான். பனி கார்காலத்தின் இடத்தில் நிற்கிறது. ஆனால் இவளுக்கு யாரும் தவணை சொல்லிவிட்டுப் போகவில்லை. தவணை இல்லாததால் அது தவறவும் முடியாது. தவறாததால் காத்திருப்பு முடியவும் முடியாது. இந்த விஷச்சுழலை இவ்வளவு மெல்லிய குரலில் சொன்ன நாவல் வேறொன்று இந்திய பாஷைகளில் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

எம்.டி.யைப்போல் பாலக்காட்டில் பிறந்து, முற்றிலும் வேறான தனிமையைக் கண்டவர் ஓ.வி. விஜயன். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக் என்ற கிராமத்தில், ஓராசிரியர் பள்ளிக்கூடத்தில் அவருடைய சகோதரிக்கு வேலை கிடைக்க, 1956-இல் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கினார். அந்தக் கிராமம் அவருக்குள் பன்னிரண்டு வருஷம் ஊறி, 1968-இல் மாத்ருபூமி வாரப்பத்திரிகையில் தொடராகவும் மறுவருஷம் புத்தகமாகவும் 'கசாக்கின் இதிகாசம்' என்று வெளிவந்தது. மலையாள நாவலை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும்படியான நூல். யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது; அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்திருக்கிறது. தமிழ் வாசகனுக்கு அது அந்நியமான உலகமும் அல்ல. கசாக்கில் வாழும் ராவுத்தர்கள் தமிழ் பூர்வீகம் உடையவர்கள். அந்த ஊர்ப் பேச்சில் தமிழ் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கதாநாயகன் ரவி, மேற்படிப்பையும், காதலித்த பெண்ணையும், சிற்றன்னையிடத்தில் செய்த ஒரு பாபத்தின் நினைவையும் விட்டு ஓடிவந்து கூமன்காவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். ஓராசிரியர் பள்ளியை நடத்துகிறான். ஊர் அவனை ஏற்றுக்கொள்ளுகிறது, ஊர் மதகுருவான முல்லாக்கா விரோதம் பாராட்டுகிறார், பிறகு நட்பாகிறார், புத்தி வளராத அப்புக்கிளி தும்பி பிடித்துக்கொண்டு திரிகிறான், பூசாரி ஆடுகிறான், பெரியம்மை வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிறது. இத்தனை ஜனங்களுக்கு நடுவே ரவி மட்டும் தனியன். கடைசியில் மழை கொட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில், மண்கட்டிகளுக்கிடையிலிருந்து தலைநீட்டிய ஒரு சிறிய பாம்புக்கு விளையாட்டாகப் பாதத்தைக் காட்டிவிட்டுப் படுத்திருக்கிறான்.

அறுபது, எழுபதுகளின் இளைஞர்கள் ரவியைத் தங்கள் பிரதிநிதியாகக் கொண்டாடினார்கள். கொண்டாடியதில் ஆச்சரியமில்லை, விஜயனின் வசனம் அப்படிப்பட்டது. ஆயினும் வயதான பிறகு அந்த நூலைத் திரும்பப் படிக்கையில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. குறை நூலில் அல்ல, நாம் அதைப் படித்த விதத்தில். ரவியின் தனிமை பெட்டி படுக்கையோடு அவன் கொண்டுவந்தது. வேண்டும்போது தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். கசாக்கில் இருந்துவிட்டவர்களின் கதியை நாம் கேட்கவே இல்லை. தாகூர் 1891-இல் எழுதிய 'போஸ்ட் மாஸ்டர்' கதையை நினைத்துப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து குக்கிராமத்துத் தபால் ஆபீசுக்கு வந்த வாலிபன் தன் தனிமையைப் போக்கிக்கொள்ள ரத்தன் என்ற அநாதைச் சிறுமிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். பிறகு வேலையை விட்டுப் படகேறிவிடுகிறான். அவனுக்கு ஒரு கணம் மனம் வலிக்கிறது. தத்துவம் ஒன்று தோன்றிச் சமாதானமாகிறது. அந்தத் தபால் ஆபீசையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும் ரத்தனுக்குத் தத்துவம் ஏதும் இல்லை. போகிறவனுக்கு எப்போதும் ஒரு தத்துவம் கிடைத்துவிடுகிறது. அதனால்தானோ என்னவோ இலக்கியத்தின் பெரும்பகுதி போகிறவர்களால் எழுதப்பட்டிருக்கிறது.

தோழி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ருஷ்யாவின் செகாவ் 1886-இல் எழுதிய கதை ஒன்று போதும். மகனைப் பறிகொடுத்த குதிரைவண்டிக்காரக் கிழவன் அந்தச் செய்தியை ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லப் பார்க்கிறான். ஒருவருக்கும் கேட்க நேரமில்லை. இரவில் லாயத்துக்குப் போய்க் குதிரையிடம் சொல்லுகிறான். ஜன சமுத்திரத்தின் நடுவே நேர்ந்த தனிமை அது.

லாயம் என்றவுடன் எனக்கு மூணாற்று லயங்கள் ஞாபகம் வருகின்றன. இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்றே பெயர். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவர, போடி வழியாக மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். பாலக்காட்டு அக்கிரகாரத்தைப்போலவே லயத்திலும் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது. அடுத்த வீட்டு இருமல் கேட்கும். தோழி உண்டு. ஆனால் தவணை இங்கே தலைகீழாக வந்து நிற்கிறது. வேலைக்காலம் முடிந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அதனாலேயே, படித்துக் கீழ்நாட்டுக்குப் போய்விட ஆசைப்படும் பிள்ளைகளில் ஒருவரையாவது தோட்ட வேலையில் சேர்த்து, வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. மாமிக்கு வீடு இருக்கிறது, பிள்ளை வரும் நாள் இல்லை. இவர்களுக்குப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறான், வீடு விட்டுப்போகும் நாள் எழுதி வைத்திருக்கிறது.

தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற ஓர் அம்மாளிடம், சொந்த ஊருக்குப் போய்விடலாமே என்று நான் அறிவில்லாமல் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எந்த ஊரு தம்பி? எங்க ஆத்தா செத்தப்ப ஒருக்கா போனது. அங்க போனா நீ யாரு மகன்னு கேக்குறாக. இங்கயாச்சும் செத்தா தூக்குறதுக்கு லயத்து ஆளு இருக்கு."

2001-இல் 11.29 லட்சமாக இருந்த இடுக்கி மாவட்டத்து ஜனத்தொகை 2011-இல் 11.09 லட்சமாகக் குறைந்தது. இந்தியாவில் மாவட்டங்கள் வளர்வதையே கேட்டுப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றும். மலையில் பிழைப்பு மங்கியது, பிள்ளைகள் இறங்கினார்கள், இறங்காதவர்கள் வயதானவர்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால், வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். ஓர் இரவு முழுவதும் மண்ணுக்கடியில் ஒரு குடியிருப்பு கிடந்தது நாட்டில் ஒருவருக்கும் தெரியாமலிருந்தது என்பதை நினைத்தால், தனிமை என்பது மனத்தத்துவ விஷயம் மட்டுமல்ல, சாலையும் கம்பியும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. பெட்டிமுடியைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆக்கப்பட்ட ஊர். தமிழ்ச் சாயல் கொண்ட மொழி பேசும் முதுவர்கள், மதுரை மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்று கதை சொல்லுகிறவர்கள். அவர்களுடைய பழைய வழக்கத்தில், மணமாகாத இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்து உறங்குவதற்கென்று ஊருக்குப் பொதுவான குடில் ஒன்று உண்டு. நாம் அதை ஒதுக்குப்புறம் என்கிறோம். அவர்களைத் தனித்துக் கிடக்கிறவர்கள் என்று அனுதாபப்படுகிறோம். நம்மிடமிருந்து தூரத்தில் இருப்பவன் எல்லாம் தனியாக இருப்பதாக எண்ணுவது நகரத்தான் செய்கிற பிழை. ஆஸ்பத்திரி தூரம், பள்ளிக்கூடம் தூரம் என்ற அவர்களுடைய கஷ்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கஷ்டங்களின் பெயர் தனிமை அல்ல என்றுமட்டும் சொல்லுகிறேன்.

இப்போது சர்க்கார்களும் இந்த விஷயத்தில் கண்விழித்திருக்கின்றன. பிரிட்டன் 2018-இல் தனிமைக்கென்று ஒரு மந்திரியை நியமித்தது. ஜப்பான் 2021-இல் அதைப் பின்பற்றியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு அதற்குத் தொடர்பிருப்பதாகவும் கூறுகிறது. தனிமை பணக்கார தேசத்து வியாதி என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த அறிக்கையில் ஒரு பாடம் இருக்கிறது: வருவாய் குறைந்த நாடுகளில் தனிமையை உணர்வதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 24 விழுக்காடு, செல்வ நாடுகளில் 11 விழுக்காடுதான். கிழவர்களைவிடப் பதின்வயதுப் பிள்ளைகளே அதை அதிகம் உணர்கிறார்கள் என்பது அதைவிட அதிர்ச்சி தருவது. சட்டைப்பைக்குள் நூறு சிநேகிதர்களை வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகள்!

கேரளத்தில் 2011 கணக்குப்படி நூறில் 12 பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அது எட்டரைதான். அதே கணக்கெடுப்பில் அந்த ராஜ்யத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் 10 லட்சத்துக்கு மேல். பஞ்சாயத்துகள் பகல்வீடு என்று ஒன்றை ஏற்படுத்தியிருக்கின்றன. முதியவர்கள் காலையில் வந்து, பத்திரிகை படித்து, காரம்போர்டு ஆடி, மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவதற்கான இடம். நன்றாக நடக்கும் பகல்வீடுகளும் உண்டு, பூட்டுத் தொங்குகிறவையும் உண்டு. எப்படியாயினும் நல்ல யோசனை. அரசாங்கம் ஒரு தோழியைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறது என்றே நான் இதைக் கருதுகிறேன். அங்கே பத்துப் பேருக்காக ஒரு தேங்காய் உடைக்கலாம் அல்லவா? மொளகூட்டல் பண்ணலாம் அல்லவா? மாமியிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் போக இஷ்டமில்லை. பகலில் வீட்டைப் பூட்டினால் யாராவது வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களாம்.

யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை.

தோழியைப் பஞ்சாயத்து கொடுக்கலாம். தவணையைப் பஞ்சாயத்து கொடுக்க முடியாது. போனவன்தான் கொடுக்க வேண்டும். கைப்பேசி வந்த பிறகு இந்தக் கடமை லேசாகிவிட்டதென்று நாம் நினைத்துக்கொண்டோம். கடிதகாலத்தில் பம்பாய்ப் பிள்ளை மூன்று மாதத்துக்கொருமுறை எழுதினாலும், மே மாதம் 10-ஆம் தேதி புறப்படுகிறோம், டிக்கட் எடுத்தாயிற்று என்று ஒரு வரி அதில் இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு வீட்டில் வடகமிடுவார்கள், மாங்காய் ஊறப்போடுவார்கள். இன்று முகமே தினமும் கண்ணாடியில் தெரிகிறது. முகம் தெரிவதாலேயே தேதி சொல்ல வேண்டிய அவசியம் போய்விட்டது.

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர். நான் அந்தச் சமயத்தில் ஒருமுறை போயிருக்கிறேன். பூட்டிய வீடுகளெல்லாம் திறந்து, திண்ணைக் கம்பிகளில் ஈரத்துணிகள் காய்ந்து, பம்பாய்த் தமிழும் அமெரிக்கக் குழந்தைகளின் இங்கிலீஷும் தெருவில் கலந்து, மாலையில் தேர்கள் ஒன்றையொன்று சந்திக்கும்போது கூட்டம் மூச்சுவிட இடமில்லாமல் நெரிந்தது. அந்த வருஷம் மாமியின் மகன் வரவில்லை. ஆனாலும் இரண்டாம் வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் அவர் கூடத்தில்தான் இலை போட்டுக்கொண்டார்கள். பெரிய உருளி நிறையப் பூசணி மொளகூட்டல், நானும் சாப்பிட்டேன். தேர் முடிந்த மூன்றாம் நாள் தெருவில் வரிசையாகப் பூட்டுகள் விழுந்தன.

இதைப் படிக்கிறவர்களில், பாலக்காட்டிலோ போடிமெட்டுக்கு மேலேயோ, கும்பகோணத்திலோ கயத்தாற்றிலோ, தாயையோ தகப்பனையோ விட்டுவந்தவர்கள் இருப்பீர்கள். அவர்களை உடன் அழைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் உபதேசிக்கப் போவதில்லை; அவர்கள் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றுமட்டும் செய்யலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பார்க்கலாம் என்று சொல்லாமல், எந்தத் தேருக்கு என்று சொல்லிவிடுங்கள்.